எட்டு வருடம் எழுதிய பெயர்கள் போய்விட்டன. 38,000 குடும்பப் படங்களை அடுத்து எதில் வைப்பது?

சன்னலோரம் (கேள்வி)

வணக்கம். நான் தொழிலாகப் படம் எடுப்பவள் இல்லை. இரண்டு பிள்ளைகள், என் அம்மா, மாமியார், வந்து போகும் உறவினர்கள், இவ்வளவுதான் என் படங்களில் இருப்பவர்கள். கேமரா, என் போன், கணவரின் போன் மூன்றிலிருந்தும் சேர்ந்தது 38,000-ஐத் தாண்டிவிட்டது. எல்லாமே ஜேபெக். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் 'புதுசு', 'புதுசு 2', 'போனில் இருந்து', 'அப்புறம் பார்க்க' என்ற ஃபோல்டர்களில் கிடக்கின்றன.

எட்டு வருடமாக ஒரே சாஃப்ட்வேரில்தான் எல்லாவற்றையும் பார்த்து வந்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போடுவேன், படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவேன். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து 'இவள் என் பெரியப்பா மகள், இவன் அவளுக்கு இளையவன்' என்று சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு குழுப் படத்தில் மட்டும் 17 பேர்.

போன மாதம் பழைய லேப்டாப்பின் திரை போய்விட்டது. புதிது வாங்கினேன். அந்த சாஃப்ட்வேர் இப்போது வருவதே இல்லை. வேறு ஒன்றைப் போட்டு டிஸ்க்கைத் திறந்தால் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் ஒரு பெயர்கூட இல்லை. மாமியாருக்கு நினைவு முன்போல இல்லை. அந்த 17 பேரில் ஐந்து பேரைத்தான் இப்போது அடையாளம் சொல்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி எதை எடுத்தாலும் இது மறுபடி நடக்கக் கூடாது. எடிட்டிங் பெரிதாக வேண்டாம். சாய்ந்த படத்தை நிமிர்த்த வேண்டும், ஓரத்தை வெட்ட வேண்டும், சன்னலுக்கு முன் நின்று இருண்டுபோன முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்க வேண்டும். மாதாமாதம் காசு கட்டுவது முடிந்தவரை வேண்டாம். லைட்ரூம் என்கிறார்கள், டிஜிகேம் என்கிறார்கள். என் தம்பி எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஏற்றிவிடு என்கிறான். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மழைநாள் லென்ஸ்

நான் லைட்ரூம் கிளாசிக் ஆள். நீங்கள் கேட்ட எடிட்டிங்கை இதைவிடச் சுலபமாகச் செய்யும் ஒன்றை நான் பார்க்கவில்லை. படத்தில் இருக்கும் ஆளைத் தானாகவே பிரித்துக் காட்டும், முகத்தை மட்டும் வெளிச்சமாக்கலாம். ஒரு படத்தில் செய்ததை அதே இடத்தில் எடுத்த மற்ற நாற்பது படங்களுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். ஒரிஜினல் படத்தைத் தொடாது. செய்த மாற்றங்களைக் கேட்டலாக் என்ற தன் பதிவேட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளும்.

ஆனால் சந்தா உண்டு. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு 2015-ல் வந்த லைட்ரூம் 6. இப்போது சந்தாவை நிறுத்தினால் கேட்டலாக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். எடிட் செய்யும் டெவலப் பகுதியும், வரைபடம் காட்டும் மேப் பகுதியும் வேலை செய்யாது. இன்னொன்று, மாற்றங்களை எக்ஸ்எம்பியில், அதாவது படத்தோடு சேர்ந்தே போகும் குறிப்புப் பகுதியில், தானாக எழுதும் அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். உங்களுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் முதல் நாளே அதை இயக்கிவிட வேண்டும்.

ரா ஃபைல் (கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் வகை) எடுக்காத ஒருவருக்கு இது தேவைக்கு அதிகம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பின்பக்க எழுத்து

அக்கா, முதலில் அந்தப் பழைய லேப்டாப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். திரை மட்டும்தான் போயிருக்கிறது என்றால் எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். பெயர்கள் அநேகமாக இன்னும் அதற்குள்தான் இருக்கும். அந்த சாஃப்ட்வேர் திறந்தால், பெயர்களைப் படத்துக்குள் எழுதும் வசதி மெனுவில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். செய்வதற்கு முன் டிஸ்க்கை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் அப்பா எடுத்த படங்கள் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நீல மையில் எழுதியிருப்பார்: யார் யார், எந்த இடம், எந்த மாதம். அந்த ஆல்பங்கள் மூன்று வீடு மாறிவிட்டன. ஒரு ஆல்பம் கிழிந்து, படங்கள் தனித்தனியாக ஒரு பெட்டியில் கிடந்தன. அப்போதும் எந்தப் படத்தை எடுத்துத் திருப்பினாலும் யார் என்று தெரிந்தது. உங்கள் பழைய சாஃப்ட்வேர் படத்தின் பின்னால் எழுதவில்லை. தனியாக ஒரு நோட்டு போட்டு அதில் எழுதிக்கொண்டது. படங்கள் உங்களோடு வந்துவிட்டன, நோட்டு அங்கேயே நின்றுவிட்டது.

டிஜிட்டல் படத்துக்கும் பின்பக்கம் உண்டு. எடுத்த தேதி, கேமரா விவரம் இதெல்லாம் எக்ஸிஃப் என்ற பகுதியில் இருக்கும். நாம் எழுதும் பெயர், வரி, குறிச்சொல் ஆகியவற்றுக்கு ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்று பொதுவான இடங்கள் இருக்கின்றன. இவை எந்த ஒரு கம்பெனிக்கும் மட்டும் சொந்தமான பூட்டு அல்ல. ஒரு சாஃப்ட்வேர் எழுதியதை இன்னொன்று படிக்கும். ஜேபெக்கில் இவை ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். எந்த சாஃப்ட்வேர் நம் எழுத்தை அங்கே எழுதுகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. எடிட்டிங் எப்படி இருக்கிறது என்று அதற்கு அப்புறம்தான் பார்ப்பேன். ஏனென்றால் சாஃப்ட்வேர்கள் நம்மைவிடச் சீக்கிரம் போய்விடுகின்றன. பிகாசாவை 2016-ல் நிறுத்தினார்கள். ஆப்பிளின் ஐபோட்டோவுக்குப் பதிலாக 2015-ல் போட்டோஸ் வந்தது. விண்டோஸ் லைவ் போட்டோ கேலரி 2017-ல் முடிந்தது. இவை மூன்றும் ஒரு காலத்தில் பலருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தவை.

நான் டிஜிகேமில் இருக்கிறேன். 2001-ல் தொடங்கிய திட்டம், இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போதே, தகவலைப் படத்துக்குள் எழுதவா அல்லது தன் டேட்டாபேஸில் மட்டும் வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். படத்துக்குள் எழுது என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதோடு நிற்காமல் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்) பகுதிக்குப் போய் முகக் குறிகளுக்கான டிக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது தனியாக இருக்கும். முகம் தேடும் வேலை உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும், படங்கள் எங்கும் போகாது. அதற்கான ஃபைல்களைத் தொடக்கத்தில் பதிவிறக்கச் சொல்லும், சம்மதியுங்கள். 38,000 படம் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள். அக்கா தங்கை முகங்களை மாற்றி மாற்றிச் சொல்லும். அதைச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள், தவறான பெயர் இல்லாத பெயரைவிட மோசம்.

என் பேச்சையும் நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பத்துப் படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுப் பெயர், குறிச்சொல், ஒரு வரி எழுதுங்கள். அந்த ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் போட்டு வேறு ஒருவர் கம்ப்யூட்டரில் திறங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ். டேக்ஸ் என்ற வரியில் நீங்கள் எழுதியது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பதினோராவது படத்துக்குப் பெயர் எழுதாதீர்கள்.

சன்னல் முகத்துக்கு: மொத்தப் படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் சன்னல் வெள்ளைக் காகிதமாகிவிடும். டிஜிகேமின் எடிட்டரில் கர்வ்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு மூலைவிட்டக் கோடு வரும். இடது கீழ் மூலையிலிருந்து கால்வாசி தூரத்தில் ஒரு புள்ளி வைத்து மெல்ல மேலே தள்ளுங்கள், வலது பக்கம் அசையாமல் இருக்க அங்கேயும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கண்ணுக்குள் கருவிழி தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் இழுத்தால் கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; இருட்டில் இருந்த முகத்துக்கு அதில் கொஞ்சமே கிடைத்திருக்கும். எடுக்கும்போதே போன் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால் இந்த வேலையே மிச்சம்.

சேமிக்கும்போது ஒரிஜினலை அப்படியே விட்டுவிட்டு, பெயரோடு வி1 என்று சேர்த்துப் புதுப் பிரதி போடும். அந்தப் பழக்கத்தை மாற்றாதீர்கள். ஜேபெக்கைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி சுருங்கும், கொஞ்சம் விவரம் போகும்.

லைட்ரூம் அளவுக்கு இது வழவழப்பாக இருக்காது. மெனுக்கள் நிறைய. முதல் வாரம் எரிச்சல் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் பிரதி

தம்பி சொன்னதில் பாதி சரி. கூகுள் போட்டோஸில் தேடுவது அருமையாக இருக்கும். 'சைக்கிள்' என்று அடித்தால் பாப்பா சைக்கிள் ஓட்டும் படங்கள் வந்து நிற்கும். வெளியூரில் இருக்கும் சொந்தங்களோடு பகிரவும் அதுதான் வசதி. ஆனால் அங்கே முகங்களுக்கு நீங்கள் வைக்கும் பெயர் படத்துக்குள் போகாது. கூகுளில் இருப்பதைப் பதிவிறக்கும் டேக்அவுட் வழியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்தால், நீங்கள் எழுதிய வரிகள் படத்துக்குப் பக்கத்தில் ஜேசன் என்ற தனி எழுத்து ஃபைல்களாக வரும். மறுபடி நோட்டு கதைதான். அளவில்லாமல் இலவசமாக ஏற்றுவது 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இப்போது 15 ஜிபி, அதிலேயே மெயிலும் டிரைவும் அடக்கம்.

அதை ஒரே இடமாக வைக்காதீர்கள். போனும் க்ளவுடும் இணைந்திருக்கும்போது ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். பேக்கப் என்று அதை நம்பக் கூடாது. லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு டிஸ்க் உங்கள் அம்மா வீட்டில், இப்படி மூன்று வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் 'போனில் இருந்து' ஃபோல்டரில் தேதி குழம்பிக் கிடப்பவை பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

சன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. டிவியில் இணைத்தேன். பழைய லேப்டாப் திறந்துவிட்டது.

அந்த சாஃப்ட்வேரின் மெனுவில், நான் எட்டு வருடமாகத் தொடாத ஒரு மூலையில், பெயர்களைப் படத்தில் எழுதும் வசதி இருந்தது. டிஸ்க்கைப் பிரதி எடுத்துவிட்டு இரண்டு இரவு ஓடவிட்டேன். இன்று புதிய லேப்டாப்பில் டிஜிகேமில் அந்தக் குழுப் படத்தைத் திறந்தேன். 17 முகங்களிலும் பெயர் இருக்கிறது. மாமியாரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரிசையில் பெரியப்பா மகள் பெயரைச் சொன்னதும் திரையில் கை வைத்து, 'இந்தப் பின்னலை நான்தான் போட்டுவிட்டேன்' என்றார். முன்பு அவர் இதைச் சொன்னதே இல்லை. உடனே கீழே எழுதிவிட்டேன்.

நான் எழுதிய வரிகள் மட்டும் வரவில்லை, பெயர்கள்தான் வந்தன. வரிகளை டிவி திரையைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். ஏறத்தாழ 900 இருக்கும், ஒரு நாளைக்கு முப்பது என்று வைத்திருக்கிறேன். பென் டிரைவ் சோதனையும் செய்தேன், தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் டேக்ஸ் தெரிந்தது.

இரண்டு சந்தேகம். கணவரின் பழைய போன் படங்களும் கேமரா படங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பாப்பா சைக்கிளில் இருந்து இறங்கிய படம் முதலிலும் ஏறும் படம் அப்புறமும் வருகிறது. இன்னொன்று, அந்தக் குழுப் படத்துக்குத் தேதி தெரியாது. 1971-லிருந்து 1973-க்குள் என்று மட்டும் சொல்கிறார். என்ன போடுவது?

பின்பக்க எழுத்து

அந்தப் பின்னல் விஷயத்தைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது, அக்கா.

சைக்கிள் படங்களில் ஏதோ ஒன்றின் கடிகாரம் தவறாக ஓடியிருக்கிறது. இரண்டிலும் விழுந்திருக்கும் ஒரே நொடியைத் தேடுங்கள், உதாரணமாக ஒரே கையசைப்பு. இரண்டு நேரங்களுக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பார்த்து, தவறாக ஓடியதன் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டிஜிகேமில் டைம் அட்ஜஸ்ட் வழியாக அந்த நிமிடங்களைக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். எல்லாம் ஒரே தடவையில் நகரும்.

குழுப் படத்துக்கு, தேதி எழுதும் இடம் நாளோடு முழுத் தேதி கேட்கும். 1972 ஜனவரி 1 என்று போட்டுவிடுங்கள், வரிசையில் சரியான இடத்தில் வந்து உட்காரும். கீழே எழுதும் வரியில் '1971-க்கும் 1973-க்கும் இடையில், சரியான தேதி தெரியாது' என்று எழுதி, யார் எப்போது சொன்னது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இருபது வருடம் கழித்துப் பார்க்கும் பிள்ளைகள் அந்த ஜனவரி 1-ஐ உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், அந்தப் படத்தின் பிரிண்ட் இன்னும் கையில் இருந்தால் 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) மறுபடி ஒரு ஸ்கேன் போடுங்கள், முகங்கள் சிறியதாக இருக்கும் படம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், வெறுமையாகத் தெரிந்தாலும் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருக்கலாம். அட்டையில் ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள்.