கருந்துளைக்கு ஒரு டிராக்டர் டியூப்

குழு: கல்லடி வாசிகசாலை

சுகன்யா: சனி பின்னேரம் வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு, ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்புள்ள கருந்துளை பற்றிச் செய்து காட்டப் போகிறேன். படம் எதுவும் போடுவதில்லை, கையால் தொட்டுப் பார்க்கும் சாமான்கள்தான். டிராக்டர் டியூப் ஒன்று, இழுபடும் துணி, உரித்த தேங்காய், கொஞ்சம் போளை, வீச்சுவலை ஈயம் வேண்டும். யாரிடம் என்ன இருக்கிறது?

தேவன் அண்ணன்: டியூப் சும்மாதான் கிடக்கிறது தங்கச்சி. ஈயமும் தரலாம். எதற்கென்று சொல்லுங்கள்.

ரஞ்சி மாமி: லெகின்ஸ் தைத்து மிஞ்சிய துணி இருக்கிறது மகள், நல்லாக இழுபடும்.

சுகன்யா: டியூபுக்குக் காற்றடித்து அந்தத் துணியை மேலே இழுத்துக் கட்டினால் மேளத்துத் தோல் மாதிரி நிற்கும். நடுவில் சூரியனாகத் தேங்காயை வைத்தால் பள்ளம் விழும், ஓரத்தில் பூமியாகப் போளையைச் சாய்த்து உருட்டினால் சுற்றிச் சுற்றி வரும். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பிள்ளைகள் பிழையாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் போளை துணியில் உரசி வேகம் குறைந்து பள்ளத்துக்குள் விழுந்ததும் ஒரு பிள்ளை "நம்மளையும் உறிஞ்சி எடுத்திருமா டீச்சர்" என்று அழத் தொடங்கிவிட்டது. எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை.

சுகன்யா: அதனால் இந்த முறை தேங்காயைத் தராசில் நிறுத்து, அதே நிறைக்கு ஈயத்தைச் சீலையில் இறுக்கிக் கட்டப் போகிறேன், ஒரு தேசிக்காய் அளவுதான் வரும். தேங்காயை எடுத்துவிட்டுக் கருந்துளையாக அதை வைத்து முன்பு போலவே ஓரத்தில் உருட்டினால் ஓட்டம் அவ்வளவாக மாறாது, கிட்டப் போனால்தான் பள்ளம் செங்குத்தாக இறங்கும். சூரியனை 3 கிலோமீட்டர் ஆரைக்குள் நசுக்கினால் கருந்துளை ஆகிவிடும், ஆனால் நிறை அதேதான், பூமி தன் பாதையிலேயே சுற்றும். வெளிச்சமில்லாமல் குளிரில் உறைவோமே தவிர உள்ளே இழுபட மாட்டோம். அந்தப் பிள்ளைக்கு நான் அன்றைக்கே இதைக் காட்டியிருக்க வேண்டும்.

தேவன் அண்ணன்: அப்ப பூமியை நசுக்கினால்?

சுகன்யா: ஆரை 9 மில்லிமீட்டர் அண்ணன். கிட்டத்தட்ட ஒரு போளை. கடலும் மலையும் எல்லாம் அதற்குள்.

ரஞ்சி மாமி: ஈயத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் மகள், சின்னதுகள் வாயில் வைக்கும்.

சுகன்யா: ஓம் மாமி. நீங்கள் சீலையை இரண்டு மடிப்பாகத் தைத்துத் தாருங்கள், நான் மட்டும்தான் தொடுவேன், மறுகா கையும் கழுவுவேன்.

கோபி: அக்கா, பாசிக்குடாவில் நான் வேலை செய்கிற இடத்தில் மேல்பக்கம் உடைந்த வைன் கிளாஸ் ஒன்றை எறியப் போகிறார்கள். உதவுமா?

சுகன்யா: எறிய விடாதே தம்பி! அடித்தட்டும் தண்டும் முழுசாக இருந்தால் போதும், உடைந்த முனைக்கு ரேப் சுற்று. தண்டை மெழுகுதிரிப் பக்கம் நீட்டி, அடித்தட்டு வழியாகச் சுடரைப் பார். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த கண்ணாடி என்பதால், பெரிய நிறை ஒன்று பின்னாலிருந்து வரும் ஒளியை வளைப்பது போலவே வளைக்கும். சூரியன் பக்கத்தில் நட்சத்திர ஒளி வளைவதை 1919 கிரகணத்தில் அளந்தார்கள்.

கோபி: அந்தச் செம்மஞ்சள் வளையப் படம் மாதிரியா?

சுகன்யா: 2019 ஏப்ரலில் வந்த எம்87 படம்தானே, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த அந்த விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளை. அதிலும் ஒளி வளைந்துதான் வருகிறது, ஆனால் அங்கே ஒளி தருவது கருந்துளையைச் சுற்றும் சூடான வாயு. இதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

கோபி: அக்கா இப்பதான் குசினியில் விளக்கை நூர்த்துவிட்டுப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் சுடர் வளையமாகிறது. கொஞ்சம் விலத்தினால் வளையம் அறுந்து இரண்டு பிறையாக நிற்கிறது. அம்மாவும் வாங்கிப் பார்த்தா, இன்னும் தரவில்லை.

சுகன்யா: அந்த இரண்டு பிறை மாதிரித்தான் 1979இல் ஒரே குவாசார் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல நடு) வானத்தில் இரண்டாகத் தெரிந்தது, நடுவில் ஒரு விண்மீன் மண்டலம் நின்று வளைத்தது. அம்மாவிடமிருந்து வாங்கித் துவாயில் சுற்றி வை. சனி 3 மணிக்கே வந்துவிடு, டியூபுக்குக் காற்றடிக்க ஆள் வேண்டும்.