ஏஐஎஸ்ல நின்ன அந்த ஒரு வரி

சப்டைட்டில்காரி:
பகல்ல கம்பெனி வேலை, ராத்திரி சப்டைட்டில். 2024-25ல அதுல 37,800 ரூபா வந்துச்சு. சில்லறைக் காசு, இதை யாரு பாக்கப் போறான்னு கம்பெனி குடுத்த சம்பள-வரிச் சான்று ஃபார்ம் 16ஐ மட்டும் வச்சு, சம்பளக்காரங்க போடுற ஐடிஆர்-1 ரிட்டர்ன் போட்டு முடிச்சுட்டேன். அப்புறம் ஒரு நாள் சும்மா ஏஐஎஸ் (நம்ம வருமானம் வரித் துறைகிட்ட பதிவாகியிருக்கிற பட்டியல்) திறந்தா, சம்பளத்துக்குக் கீழ தனியா 194ஜேன்னு, அதாவது தொழில் கட்டணத்துக்கான பிரிவுல, ஒரு என்ட்ரி. பில் தொகை 42,000, டிடிஎஸ் (பணம் குடுக்குறவங்களே முன்னாடியே புடிச்சுக் கட்டுற வரி) 4,200. கை சில்லுன்னு ஆயிடுச்சு. அந்த 4,200ஐ நான் ஏதோ கமிஷன்னு நெனச்சு, ஏன் புடிச்சீங்கன்னு வேலை குடுத்தவங்களுக்குக் கோவமா மெயில் வேற போட்டிருந்தேன். தேடிப் பாத்தா பதில் அன்னிக்கே வந்திருக்கு, டிடிஎஸ்னு ஒரே வார்த்தை, நான்தான் திறக்கவே இல்ல. இந்த வருமானத்த ஐடிஆர்-1ல காட்ட முடியாதாம், தொழில் வருமானமும் காட்டுற ஐடிஆர்-3ல ரிவைஸ் பண்ணி, சம்பளத்தோட கூட்டினதுல வந்த பாக்கி வரியும் கட்டியாச்சு. ஆனா அந்த மெயில நெனச்சா இன்னும் கூசுது.

லோகோ தம்பி:
எனக்கு உல்டா. 35,000 பில்லுக்கு 3,500 புடிச்சுட்டாங்க, நம்ம பேர்ல கட்டின டிடிஎஸ் பதிவாகுற 26ஏஎஸ்ல ஒன்னையும் காணோம். கேட்டா அக்கவுண்டன்ட் கட்டியாச்சு சார், கட்டியாச்சு சார்னே ரெண்டு மாசம் ஓட்டினாரு. கடைசில பேன் நம்பர்ல ஒரு எழுத்து தப்பு. என் காசு யாரோ ஒருத்தர் கணக்குல ஜம்முனு உக்காந்திருந்துச்சு. கரெக்‌ஷன் போட வைக்கிறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துருச்சு.

ராப்பிசாசு:
சப்டைட்டில் அக்கா சும்மா பயமுறுத்தாதீங்க. அந்த வருஷம் புது ரெஜிம்ல, அதான் புது வரி முறைல, 3 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. எனக்கு வருஷத்துக்கு 60,000 தான் வருது, இதுவரைக்கும் ரிட்டர்னே போட்டதில்ல, ஒருத்தரும் கேக்கல.

கணக்குப்புள்ள:
ராப்பிசாசு, அந்த 3 லட்சம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா இல்லப்பா, எல்லா வருமானத்தையும் கூட்டித்தான். அக்காவுக்கு சம்பளம் இருக்கு, உனக்கு இல்ல, ரெண்டும் ஒன்னா? என் கதை சின்னது, ரிட்டர்ன் போட்டுட்டு, அது நான் போட்டதுதான்னு ஆன்லைன்ல உறுதிப்படுத்துற இ-வெரிஃபை பண்ண மறந்துட்டேன், 30 நாள் தாண்டிருச்சு, அப்புறம் வெரிஃபை பண்ணின தேதியத்தான் ரிட்டர்ன் போட்ட தேதியா எடுத்துக்கிட்டு லேட் ஃபீ 1,000 தீட்டிட்டாங்க. அதனால சொல்றேன், கேக்கலைன்னாலும் சொல்றேன். ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி ஏஐஎஸ், 26ஏஎஸ் ரெண்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோட வச்சுப் பாருங்க. பேங்க்ல வந்தது கழிச்சது போக வந்த காசு, காட்ட வேண்டியது முழு பில் தொகை, இங்கதான் பாதிப் பேரு சறுக்குறாங்க. நெட் பில்லு, சாஃப்ட்வேர் சந்தா ரசீதெல்லாம் தூக்கிப் போடாதீங்க, செலவாக் காட்டலாம். டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 இல்ல அதுக்கு மேல வரி வரும்னா வருஷத்துக்குள்ளயே தவணையா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும், இல்லேன்னா வட்டி. அப்புறம் நமக்கு வரி வராதுங்கிறது வேற, புடிச்ச டிடிஎஸ் தானா திரும்பி வந்துரும்ங்கிறது வேற. ரிட்டர்ன் போட்டாத்தான் ரீஃபண்ட். லேட்டாப் போட்டாலும் மார்ச்ல வருஷம் முடிஞ்சு வர்ற டிசம்பர் 31க்குள்ள போட்டுரணும், அதுக்கப்புறம் போடுற அப்டேட்டட் ரிட்டர்ன்ல ரீஃபண்ட் கேக்க முடியாது.

சப்டைட்டில்காரி:
நான் யாரையும் பயமுறுத்தல தம்பி, என் கூத்தத்தான் சொன்னேன்.

ராப்பிசாசு:
சாரிக்கா. கணக்குப்புள்ள அண்ணே, இப்பத்தான் 26ஏஎஸ் பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கும் 6,000 புடிச்சிருக்காங்க. அது அப்ப போச்சா?