ஐஜிஈ 640: ஏபிபிஏ (ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் நுரையீரலில் வரும் ஒவ்வாமை) என்று எப்படி உறுதி செய்தார்கள்?

என் மகளுக்கு 13 வயது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சிஎஃப், சளி கெட்டியாகி நுரையீரலைப் பாதிக்கும் மரபணு நோய்). சில மாதங்களாக வீசிங், கெட்டியான பழுப்பு நிறச் சளி, எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) 82-லிருந்து 65 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வழக்கமான சூடோமோனாஸ் பாக்டீரியா தொற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள், ஆனால் இரண்டு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக், கூடவே நெஞ்சு பிசியோதெரபி எல்லாம் முடிந்தும் எக்ஸ்ரேயில் தெரிந்த புதிய நிழல் அப்படியே இருக்கிறது. அதனால் இப்போது ஏபிபிஏ-வாக இருக்குமோ என்று சந்தேகம்.

ரத்தத்தில் மொத்த ஐஜிஈ (ஒவ்வாமையில் கூடும் ஆன்டிபாடி) போன வருடம் 190, இப்போது 640. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கான ஐஜிஈ பாசிட்டிவ், அதே பூஞ்சைக்கான ஐஜிஜி (இன்னொரு வகை ஆன்டிபாடி) முடிவு வரவில்லை. சளியிலும் பூஞ்சை வளர்ந்தது, ஆனால் சிஎஃப் உள்ளவர்களுக்கு ஏபிபிஏ இல்லாமலும் அது வளரும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாதாம். ஒரு டாக்டர் மொத்த ஐஜிஈ 500-ஐத் தாண்டினாலே போதும், ஸ்டீராய்டு தொடங்கலாம் என்கிறார், இன்னொருவர் 1000 வரட்டும் என்கிறார். தொடங்கிவிட்டால் ஐஜிஈ இறங்கிவிடும், அப்புறம் அந்த அளவை வைத்து உறுதி செய்வது கஷ்டம். சர்க்கரை வேறு லேசாக ஏற ஆரம்பித்திருக்கிறது, ஸ்டீராய்டு அதை இன்னும் ஏற்றும், அதனால் சும்மா கொடுத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை.

500-க்கும் 1000-க்கும் நடுவில் நின்றவர்களுக்கு எந்தப் பரிசோதனையை வைத்து முடிவெடுத்தார்கள்: சிடி ஸ்கேனா, ஐஜிஜியா, மறுபடி எடுத்த ஐஜிஈயா?