எழுத்தறிவு 80.9 சதவீதம்: யாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்?

பாலாறு
இங்கே கல்வி என்று எந்தத் தலைப்பு தொடங்கினாலும் மூன்றாவது பதிவுக்குள் "நாடு உருப்படாது" வந்துவிடுகிறது. ஒரு நிமிஷம் எண்களைப் பாருங்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 சதவீதம். பெண்களில் 8.86, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. 2011-இல் மொத்தம் 73. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24-இல் 80.9, பெண்கள் 74.6. நம் பாட்டிகள் கைநாட்டு வைத்தார்கள், அவர்கள் பேத்திகள் நர்சிங் படிக்கிறார்கள். இதில் கொண்டாட ஒன்றுமே இல்லையா?

செம்மண்
கொண்டாடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த 80.9 எப்படி வந்தது என்று மட்டும் கேட்கிறேன். கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று, வீட்டில் யார் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கேட்பார். வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். "ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்" என்பதுதான் வரையறை. ஆனால் ஒருவரிடமும் ஒரு வரியை நீட்டி வாசிக்கச் சொல்வதில்லை. தன் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்று வெளியாளிடம் எந்த அப்பா சொல்வார்?

வாசிக்கச் சொல்லிக் கேட்கிற ஆய்வும் ஒன்று உண்டு. பிரதம் என்கிற தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாக நடத்தும் அசர். அதன் 2024 அறிக்கையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 27.1 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் 48.8. அதே அறிக்கையில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 98 சதவீதத்துக்கு மேல் பள்ளியில் இருக்கிறார்கள். பள்ளியில் இருப்பதும் படிப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாலாறு
இரண்டையும் குழப்புகிறீர்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை சரளமாக வாசிக்கவில்லை என்றால் அது பள்ளியின் தரம் பற்றிய செய்தி. அந்தக் குழந்தைக்கு எட்டு வயதுதான். பதினைந்து வயதில் வாசித்துவிடும். அப்புறம் ஒன்று: அசர் எண்ணை எடுத்தால் முழுதாக எடுங்கள். அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் 2018-இல் 20.9, கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 16.3, 2024-இல் 23.4. இரண்டே ஆண்டில் பள்ளத்திலிருந்து ஏறி, பழைய மட்டத்தையும் தாண்டியிருக்கிறார்கள்.

செம்மண்
பதினைந்து வயதில் வாசித்துவிடுமா? அதையும் அசர் கேட்டிருக்கிறது சார். 2023-இல் 28 கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைப் பார்த்தார்கள். சுமார் கால்வாசிப் பேருக்குத் தங்கள் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடம் சரளமாக வரவில்லை. இவர்கள் வீட்டுக்கு நாளை கணக்கெடுக்கப் போனால் பதில் என்னவாக இருக்கும்? "பையன் பத்தாவது படிக்கிறான், எழுதப் படிக்கத் தெரியும்." 80.9-க்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாம்_பெஞ்ச்
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். அதே 2023-24 கணக்கில் பீகார் 74.3, ஆந்திரா 72.6. கடைசி இடம் ஆந்திராவுக்கு! நான் நெல்லூரில் நாலு வருஷம் வேலை பார்த்தவன், பாட்னாவும் போயிருக்கிறேன். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் இரண்டு ஊருக்கும் போயிருக்க மாட்டார். எண்ணே பொய் என்கிறேன்.

பாலாறு
பொய் இல்லை தம்பி. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இதேதான்: ஆந்திரா 66.4, பீகார் 70.9. இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு கணக்கெடுப்பு. காரணம் வயது. எழுத்தறிவு விகிதம் ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் ஒன்றாகப் போட்டு எடுப்பது. ஆந்திராவில் குழந்தை பிறப்பு எப்போதோ குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் பார்க்காத ஐம்பது அறுபது வயதுக்காரர்களின் பங்கு அங்கே அதிகம். பீகார் இளசுகளின் மாநிலம். ஏழு முதல் இருபது வயது வரை ஒரு பெருங்கூட்டம், அதில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போனவர்கள். அதனால் சராசரி ஏறுகிறது. எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

செம்மண்
அருமையாகச் சொன்னீர்கள். இந்த எண்ணை வைத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியானால் 18-லிருந்து 80 ஆனதில் எவ்வளவு கற்பித்ததால் வந்தது, எவ்வளவு படிக்காத கிழடுகள் இறந்ததால் வந்தது?

பாலாறு
கொஞ்சம் மரியாதையாகப் பேசலாம், அவர்களும் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். பதில் இதுதான்: 2001-இல் எழுத்தறிவற்றவர்கள் சுமார் 30.4 கோடி. 2011 முதற்கட்டக் கணக்கில் 27.3 கோடி. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை 18 கோடி கூடியது. வந்து சேர்ந்த பிள்ளைகளை யாரும் கற்பிக்காமலா அந்த எண் இறங்கியது?

ஈராசிரியர்_பள்ளி
நான் வேலை பார்க்கும் பள்ளியின் நிலைதான் என் பெயர். எழுத்தறிவை விடுங்கள், சேர்க்கை எண் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தட்டச்சு செய்வதே நான்தான்.

மத்திய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பான யூடைஸ் பிளஸ் கணக்கில் 2021-22-இல் நாடு முழுவதும் 26.52 கோடி மாணவர்கள். 2023-24-இல் 24.80 கோடி. 2024-25-இல் 24.69 கோடி. பத்திரிகைகளில் "பள்ளியை விட்டு ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள் ஓட்டம்" என்கிற தொனியில் செய்தி வந்தது. அவ்வளவு பேர் ஓடவில்லை. 2021-22 வரை ஒவ்வொரு பள்ளியும் வகுப்புக்கு இத்தனை ஆண், இத்தனை பெண் என்று மொத்த எண்ணைக் கொடுத்தது. 2022-23 முதல் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும், கூடவே ஆதாரும் கேட்டார்கள். ஒரே பிள்ளை அரசுப் பள்ளியிலும் பக்கத்துத் தனியார் பள்ளியிலும் இருந்தால் இப்போது மாட்டிக்கொள்ளும். வட மாநிலங்களில் சீருடைப் பணம், சத்துணவு கணக்கு என்று எத்தனை இரட்டைப் பெயர்கள் இருந்தனவோ, அவை விழுந்தன. பிறப்பு குறைந்ததும் சேர்ந்துகொண்டது. எனவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கவே கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. மாணவர் விவரம் ஏற்றும் நம் மாநில எமிஸ் தளத்தில், டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிய பிள்ளையைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். சேரும் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை டிசி வாங்காமலே வந்து நிற்கும். பழைய பள்ளி விடாது. பிள்ளை என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், எண்ணிக்கையில் வேறு மாவட்டத்தில் இருக்கும். பெயர்வாரிக் கணக்கு வந்ததும் எல்லாம் துல்லியமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து என் கணினி முன்னால் உட்காரலாம்.

மூன்றாம்_பெஞ்ச்
டீச்சர், சேர்க்கை விகிதம் 103 சதவீதம் என்று எங்கோ படித்தேன். நூற்றுக்கு மேல் எப்படி? அதுவும் இரட்டைப் பெயரா?

ஈராசிரியர்_பள்ளி
அது மொத்தச் சேர்க்கை விகிதம். 2021-22-இல் தொடக்க வகுப்புகளுக்கு 103.4. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் எல்லோரையும் எண்ணி, அந்த வயதுக்குரிய பிள்ளைகளின் தொகையால் வகுப்பார்கள். பதினொரு வயதில் நான்காவது படிப்பவன் மேலே இருப்பான், கீழே இருக்க மாட்டான். நூறைத் தாண்டுவது அப்படித்தான். அதே ஆண்டு ஒன்பது பத்தில் 79.6, பதினொன்று பன்னிரண்டில் 57.6. விவாதம் செய்ய வேண்டிய இடம் அதுதான், ஒன்றாம் வகுப்பு இல்லை.

ஓராசிரியர் பள்ளிகள் 2024-25-இல் நாட்டில் 1,04,125. முப்பத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில். ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் 7,993, அவற்றுக்கு இருபதாயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள். ஒரு பக்கம் ஒருவரே ஐந்து வகுப்பு, மறுபக்கம் ஆளே இல்லாத வகுப்பறைக்கு ஆசிரியர். தேசிய அளவில் ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது என்று அறிவிப்பு வந்த அதே அறிக்கையில்தான் இதுவும் இருக்கிறது.

வட்டிக்கணக்கு
இவ்வளவு நேரம் பேசியும் பணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. கோத்தாரி கல்விக் குழு 1966-இல் ஜிடிபியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது. 1985-86-க்குள் எட்ட வேண்டிய இலக்கு அது. 1968 கொள்கை, 1986 கொள்கை, 2020 கொள்கை மூன்றும் அதே ஆறைத் திரும்பச் சொல்லின. பொருளாதார ஆய்வறிக்கைக் கணக்கில் நாம் இருப்பது மூன்றுக்குக் கீழே, 2022-23-க்கு 2.9.

பாலாறு
கல்வி அமைச்சகத்தின் கணக்கில் நாலுக்கு மேல் வருகிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வட்டிக்கணக்கு
விடவில்லை, இது வழக்கமான கண்கட்டு. அமைச்சகம் கல்வித் துறை செலவோடு மற்றத் துறைகளின் கல்விச் செலவையும் கூட்டுகிறது. நம்மூரில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் பள்ளிக்கல்வித் துறையில் வராது அல்லவா, அப்படி. கூட்டுவது நியாயம்தான். ஆனால் சாதனை சொல்லும்போது நாலு, நிதி கேட்கும்போது மூன்று என்று ஆளுக்கொரு எண். எதை எடுத்தாலும் ஆறு இல்லை.

மீதிப் பணத்தை யார் போடுகிறார்கள்? 2025 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு பிள்ளைக்கு வீட்டுச் செலவு அரசுப் பள்ளியில் ஆண்டுக்குச் சராசரி 2,863 ரூபாய், மற்றப் பள்ளிகளில் 25,002. நகரத்தில் அரசுப் பள்ளிக்குப் போவது 30.1 சதவீதம் பிள்ளைகள்தான். டியூஷன் தனி. அரசு குறைத்த ஒவ்வொரு ரூபாயும் அம்மாவின் கழுத்திலிருந்து அடகுக் கடைக்குப் போகிறது.

பாலாறு
பணம் போட்டால் மட்டும் படிப்பு வந்துவிடாது. பீகார் தன் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கல்விக்கு ஒதுக்குகிறது. என்ன ஆயிற்று?

வட்டிக்கணக்கு
மாநில பட்ஜெட்டே சின்னது, பிள்ளைகள் அதிகம். ஐந்தில் ஒரு பங்கைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். சதவீதத்தைச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் நடக்காது.

செம்மண் கேட்ட முதியோர் கதைக்கும் ஒரு வகுத்தல் இருக்கிறது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. ஒதுக்கீடு 1,037.90 கோடி, இலக்கு ஐந்து கோடிப் பேர். ஆளுக்கு 207 ரூபாய். சொல்லித் தருபவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். இதை வைத்து 95 சதவீதம் தொட்ட மாநிலத்துக்கு "முழு எழுத்தறிவு" பட்டம், 2025 மே மாதம் மிசோரம் 98.2-உடன் வாங்கிக்கொண்டது.

செம்மண்
207 ரூபாயா! ஒரு நோட்டு, பேனா, போகவர பஸ் காசு.

பாலாறு
மிசோரத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். 2011-லேயே 91 சதவீதத்தில் இருந்த மாநிலம், மீதிப் பேரை வீடு வீடாகத் தேடிப் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்தத் திட்டத்தில் தேர்வும் உண்டு, செம்மண் கேட்டதுபோல் வாசிக்கச் சொல்லித்தான் சான்றிதழ். ஒதுக்கீடு போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் குறைவாக இருந்தால் உண்மை, கூடினால் பொய் என்று பார்க்கிற பழக்கம் எனக்குப் புரியவில்லை.

வட்டிக்கணக்கு
நான் கூடிய எண்ணையும்தான் கேட்கிறேன். 2004-இல் கல்வி செஸ், அதாவது வரிமேல் வரி, 2 சதவீதம் போட்டார்கள். 2007-இல் உயர்நிலைக்கும் உயர்கல்விக்கும் என்று இன்னொரு 1. அந்த ஒன்றுக்குத் தனி நிதியம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2017 ஆகஸ்டில். பத்து வருஷம் வசூலித்தது எந்தப் பிள்ளைக்குப் போனது? செஸ் என்பதால் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. ஆனால் பள்ளிச் செலவில் பெரும்பங்கைச் சுமப்பது மாநிலங்கள். அப்படியிருக்க, பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிக்கல்விக்கு மத்திய நிதி தரும் சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடியை நிறுத்தி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது.

பாலாறு
செஸ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பிஎம் ஸ்ரீயில் இல்லை, மற்ற பல மாநிலங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டன. அதற்குத் தனித் தலைப்பு தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

ஈராசிரியர்_பள்ளி
தொடங்கினால் எனக்கும் சொல்லுங்கள். அந்த நிதியில் வரவேண்டிய பராமரிப்பு மானியம் இல்லாமல் சுண்ணாம்பு அடிக்க நாங்கள் இரண்டு பேரும் கைக்காசு போட்டோம். ரசீது வைத்திருக்கிறேன்.