பழைய ஹைலக்ஸின் பின்பக்கத்தைக் கீழே பதிக்க வேண்டும், வேலைக்கு ஓடுகிற வாகனம்

குளத்தடியான் (விசுவமடு):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1993 ரொயோட்டா ஹைலக்ஸ். சிங்கிள் கெப், ஃபோர் வீல், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். தண்ணீர்ப் பம்பு, லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்), சின்ன எஞ்சின்கள் திருத்துவது என் தொழில். கடை கிடையாது. தருமபுரம், புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு என்று எங்கிருந்து கூப்பிட்டாலும் வாகனத்தோடு போய் வயல்கரையிலேயே வேலையை முடித்துக் கொடுப்பேன். பின்பெட்டியில் ஜெனரேற்றர், வெல்டிங் பிளான்ட், செயின் புளொக், சாவிப் பெட்டி, கொஞ்சம் இரும்பு எப்போதும் கிடக்கும். எல்லாம் சேர்த்து 250 கிலோ வரும்.

முன்பு வைத்திருந்தவர் மணலும் கல்லும் ஏற்றியவர். ஸ்பிறிங்குக்கு மேலதிகத் தகடு போட்டு ஏற்றி விட்டிருக்கிறார். இப்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பின்கதவைத் திறந்தால் நிலத்தில் இருந்து 38 அங்குலம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் சின்னக் குழி வந்தாலும் பின்பக்கம் துள்ளுகிறது.

துள்ளுவதைப் பொறுத்துக்கொள்வேன். என்னோடு வெல்டிங் வேலைக்கு வருகிற அண்ணைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 இல் போனது. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். அவரைப் போல ஒட்டுகிற ஆள் இந்தப் பக்கம் இல்லை. ஒரு நாளில் எத்தனையோ தரம் அந்தப் பெட்டிக்குள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மாரி காலத்தில் சேற்றுக் காலோடு, பக்கத் தகட்டைப் பிடித்துத் தன்னை இழுத்து ஏற்றுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. 4 அங்குலமாவது பதிய வேண்டும்.

ஒரு கராஜில் கேட்டேன். காஸ் பிடித்துத் தகட்டைச் சூடாக்கிச் சப்பையாக்கி விடலாம், ஒரு நாள் வேலை என்றார்கள். இன்னொரு இடத்தில் ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையில் புளொக் (இரும்புக் கட்டை) வைத்து இறக்கலாம் என்றார்கள். காலபோக அறுவடையில் மாமாவின் நெல்லையும் நான்தான் ஏற்றுவேன், ஒரு தடவைக்குப் பத்து மூடை. அதற்கும் தாங்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஏ9 ஓட்டி:

தம்பி, காஸ் மட்டும் பிடிக்க விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்தார். கனகராயன்குளம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தகடு வெடித்து வாகனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் சைக்கிளில் யாரும் வராதது பெரிய காரியம்.

முதலில் கீழே படுத்துப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஸ்பிறிங் அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? ஒரு பக்கத்தில் எத்தனை தகடு?

குளத்தடியான்:

பார்த்தேன் அண்ணை. ஸ்பிறிங் அச்சுக்கு மேலே. ஒரு பக்கத்துக்கு எட்டுத் தகடு. அதில் மூன்று வேறு கனம், நுனியைக் காஸால் வெட்டியிருக்கிறார்கள், கிளிப்புக்குள்ளும் வரவில்லை. அடியில் ஒரு தடித்த நேர்த் தகடு இருக்கிறது, அது பழையது போலத் தெரிகிறது. இன்னொன்றும் கண்டேன். சேஸியில் இருந்து அச்சுக்கு ஒரு கம்பி வருகிறது. அதை அச்சில் இருந்து கழற்றி, மேலே தூக்கி வயரால் கட்டி வைத்திருக்கிறார்கள். அது என்ன?

மாங்குளம் பட்டறை:

தம்பி, அந்தக் கம்பிக்குக் கடைசியில் வருகிறேன். அதுதான் உங்கள் கதையில் என்னைப் பயப்படுத்துகிற இடம்.

புளொக் கதையை விடுங்கள். ஸ்பிறிங் அச்சுக்குக் கீழே தொங்குகிற வாகனங்களில், சில டூ வீல் கெப்புகளில் அப்படி இருக்கும், இடையில் புளொக் வைத்தால் பின்பக்கம் பதியும். உங்களுடையதில் ஸ்பிறிங் மேலே. அதில் புளொக் வைத்தால் இன்னும் உயரும். இதைப் பார்க்காமல் யோசனை சொன்னவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பிறிங் தகடு சாதாரண இரும்பில்லை. சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, திரும்பவும் அளவாகச் சூடாக்கிப் பதம் ஏற்றிய உருக்கு. காஸ் பிடித்துச் சிவக்க வைத்தால் அந்தப் பதம் போய்விடும். முதல் மாதம் வடிவாகப் பதிந்து நிற்கும். பிறகு ஒரு பக்கம் கூடப் பதியும், கடைசியில் சூடு பட்ட எல்லையில் முறியும். தகட்டின் வளைவை மாற்றத்தான் வேண்டும் என்றால் சூடு காட்டாமல் அடித்து வளைக்கிற ஆளிடம் போக வேண்டும். உங்களுக்கு அந்தத் தேவையே இல்லை.

நுனியைக் காஸால் வெட்டிய மூன்று தகடும் பிறகு செருகியவை. அவற்றைக் கழற்றுங்கள், போதும். நுனியில் வளையமாகக் கண் உள்ள முதல் தகட்டிலும், அதன் கண்ணைச் சுற்றிப் பிடிக்கிற இரண்டாவது தகட்டிலும் கை வைக்க வேண்டாம். அடியில் உள்ள தடித்த நேர்த் தகடும் இருக்கட்டும். சுமை இல்லாதபோது அது சும்மா கிடக்கும். மூடை ஏற்றி மேல் தகடுகள் வந்து முட்டினால்தான் வேலை செய்யும். மாமாவின் நெல்லுக்கு அது வேண்டும்.

கழற்றுகிறபோது சேஸிக்கு ஸ்டான்ட் கொடுங்கள், யக்கை மட்டும் நம்பி உள்ளே படுக்காதீர்கள். தகடுகளை நடுவில் ஊடுருவிப் பிடிக்கிற சென்ரர் போல்ட்டை இளக்க முன்பு தகட்டுக் கட்டைப் பெரிய கிளாம்பால் இறுக்கிப் பிடியுங்கள். அமுங்கி இருக்கிற தகடுகள் விட்டவுடன் விசிறி அடிக்கும், விரல் போன ஆட்களைக் கண்டிருக்கிறேன். தகட்டுக் கட்டை அச்சோடு இறுக்குகிற யூ போல்ட்டும் சென்ரர் போல்ட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய யூ போல்ட் ஒரு தரம் இழுபட்டது, திரும்ப அதே இறுக்கத்தைப் பிடிக்காது. அத்தோடு மூன்று தகடு போனால் அது நீளம் கூடிவிடும், மரை முடிகிற இடத்தில் நட்டு போய் நின்றுவிடும். இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே தகடு ஆடிக்கொண்டிருக்கும். ஆடினால் சென்ரர் போல்ட் அறுபடும், அறுந்தால் அச்சு தன் இடத்தை விட்டு நகரும்.

ஷக்கிளை, அதாவது ஸ்பிறிங்கின் நுனியைச் சேஸியோடு பிடிக்கிற ஆடும் இணைப்பை, குட்டையாக்கச் சொல்லி யாராவது வருவார்கள். ஷக்கிள் ஸ்பிறிங்கின் ஒரு நுனியில் மட்டும் இருப்பதால், 2 அங்குலம் குறைத்தால் பின்பக்கம் ஏறக்குறைய 1 அங்குலம்தான் பதியும். அதற்காக அச்சின் கோணத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அச்சு மேலே வந்து சேஸியில் மோதாமல் தாங்குகிற பம்ப் ஸ்டொப் றபரை வெட்ட விடாதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் வழக்கமான 250 கிலோவை ஏற்றி, றபருக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு மூடைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். பத்தாவது மூடைக்கு முன்பே முட்டினால் எட்டோடு நிறுத்தி இரண்டு தடவையாக ஏற்றுங்கள். டிஃப் (அச்சின் நடுவில் உள்ள பல்சில்லுப் பெட்டி) தரையில் அடிபடுமோ என்று யோசிக்க வேண்டாம், அதன் உயரம் ரயரால் வருவது, ஸ்பிறிங் பதிவதால் மாறாது. ஸ்பெயார் சில்லும் சைலன்சரும்தான் கீழே வரும்.

இனி அந்தக் கம்பி. அது பின் பிறேக்குக்குச் சுமையை அறிவிக்கிற கம்பி. சுமை ஏறினால் சேஸி கீழே வந்து அச்சை நெருங்கும், கம்பி பிறேக் வால்வை அமத்தும், பின் சில்லுகளுக்குப் பிறேக் அழுத்தம் கூடுதலாகப் போகும். வெறுமையாக இருந்தால் குறைவாகப் போகும். உங்கள் வாகனத்தில் அதை மேலே தூக்கிக் கட்டியிருப்பதால் வால்வு எப்போதும் முழுச் சுமை இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. வெறும் பெட்டியோடு நனைந்த கிரவல் பாதையில் சட்டென்று பிறேக் பிடித்தால் பின் சில்லுகள் முதலில் பூட்டிக்கொள்ளும், வாகனம் பின்பக்கம் முன்னுக்கு வரச் சுற்றித் திரும்பும். மணல் ஏற்றியவருக்கு அது பொருந்தியிருக்கலாம். உங்களுக்குப் பொருந்தாது.

கம்பியைத் திரும்ப அச்சில் பூட்டுங்கள். பூட்டினால் மட்டும் போதாது. அச்சுப் பக்கத்தில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன இணைப்பு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பதிந்தபிறகு அதைக் குட்டையாக்க வேண்டி வரும், இல்லாவிட்டால் பாதிச் சுமை இருப்பதாக வால்வு நினைக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தமானி பூட்டி அளந்து சரி செய்வதுதான் முறை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அந்த மானி வைத்திருக்கிற இடத்தை விசாரித்துப் போங்கள். வந்தபிறகு ஆளில்லாத நேர் கிரவல் பாதையில், வெறுமையாக, 30 கிலோமீற்றர் வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முன் சில்லு முதலில் பூட்ட வேண்டும். பின் சில்லு முந்தினால் திரும்பவும் போங்கள்.

கடைசியாக, அந்த அண்ணையைப் பற்றி. தகடு கழற்றினால் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடப் பதியும், 4 வராது. 38 அங்குலம் 36 ஆவதால் அவருடைய கால் ஆறப் போவதில்லை. படி செய்யுங்கள். பின்கதவுக்குப் பக்கத்தில் கீல் போட்டு மடக்குகிற இரண்டு தட்டுப் படி, சறுக்காத செக்கர் பிளேற்றில். மடங்க வேண்டும், இல்லாவிட்டால் வரம்பு ஏறும்போது அடிபடும். கீழ்ப்படி நிலத்தில் இருந்து 10 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொய்க்கால் முதலில் என்றுதான் அவர்களுக்குப் பழக்குவார்கள். ஆகவே கைபிடி இரண்டு பக்கமும் வேண்டும். எந்த உயரத்தில் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், அவரை நிற்க வைத்து அவர் கை போகிற இடத்தில் ஒட்டுங்கள். பெட்டித் தகட்டில் ஒட்டினால் கிழிந்துவிடும், அடியில் உள்ள சட்டத்தோடு சேர்த்து ஒட்டுங்கள்.

அதைவிட நல்லது, அவர் ஏறவே தேவையில்லாமல் செய்வது. ஜெனரேற்றரையும் வெல்டிங் பிளான்டையும் ஒரு சட்டத்தில் பூட்டி, கீழே பெயரிங் சில்லு கொடுத்து, அலுமாரி லாச்சி மாதிரி பின்னுக்கு இழுக்கிற விதமாக வையுங்கள். செயின் புளொக்குக்கு மூலையில் ஒரு சுழல் கை. பம்பு தானாக இறங்கும். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலைக்கு எங்களைப் போன்ற ஆட்கள் வேறு கெப் வாங்குவது கஷ்டம். இதையே கைக்கு அடக்கமாகச் செய்து வைத்தால் இன்னும் பல வருடம் ஓடும்.

முல்லைக் கரை:

மாங்குளத்து அண்ணை சொன்னதோடு இன்னும் கொஞ்சம். நான் நாயாற்றில் இருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றுகிறவன், எனக்கும் இதே ஹைலக்ஸ்தான்.

பின்பக்கம் பதிந்தால் முன் லைற் மேலே பார்க்கும். கழற்றுவதற்கு முதல் இரவு ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி வெளிச்சம் விழுகிற உயரத்தைக் கரியால் கீறி வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி அந்தக் கோட்டுக்கு இறக்கி விடுங்கள். இரவில் எங்கள் வீதியில் எதிரே வருகிறவர் மாட்டுப் பட்டியைக் காணாமல் போக நாங்கள் காரணமாக இருக்கக் கூடாது.

முன்பு வைத்திருந்தவர் உயரத்துக்கு ஏற்ப நீளமான சொக் அப்சோபர் போட்டிருந்தால் அது இப்போது அடியில் முட்டும். அளந்து பாருங்கள். பின் ரயருக்கு மூடை ஏற்றுகிற காற்றை அடித்துவிட்டு வெறுமையாக ஓடவும் வேண்டாம், பாதித் துள்ளல் அதிலேயே வரும்.

குளத்தடியான்:

எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. மூன்று தகடும் கழற்றியாயிற்று. யூ போல்ட், சென்ரர் போல்ட், ஸ்பிறிங் கண்ணுக்குள் போடுகிற றபர் புஷ் எல்லாம் புதிது. இரண்டு பக்கமும் 2¼ அங்குலம் பதிந்திருக்கிறது. கம்பியைப் பூட்டி கிளிநொச்சியில் அழுத்தம் பார்த்துச் சரி செய்தேன், கிரவலில் முன் சில்லுதான் முதலில் பூட்டுகிறது. சொக் அப்சோபர் பழைய அளவுதான், முட்டவில்லை. படியை அண்ணையே ஒட்டினார். கைபிடியை நான் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே வைத்தார். லாச்சிக்குச் சட்டம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். திரும்பும்போது இடது பக்கம் ஷக்கிளடியில் முறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது. புது புஷ்தானே?

மாங்குளம் பட்டறை:

வாகனம் ஸ்டான்டில் தொங்கும்போதே ஷக்கிள் நட்டை இறுக்கியிருப்பீர்கள். அப்படி இறுக்கினால் றபர் முறுகின நிலையிலேயே பிடிபட்டுவிடும், கெதியாகக் கிழியும். சில்லு தரையில் நிற்க, வழக்கமான சாமான் பெட்டிக்குள் இருக்க, ஷக்கிள் நட்டையும் முன் கண் போல்ட்டையும் இளக்கி, வாகனத்தை இரண்டு மூன்று தரம் ஆட்டிவிட்டுத் திரும்ப இறுக்குங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இன்னொரு தரம் இறுக்குங்கள். புதுத் தகட்டுக் கட்டு அதற்குள் கொஞ்சம் படிந்திருக்கும்.