இயந்திரப் பதிவுகளை எடுத்துத் தரும் டூலுக்கு விளக்கம் எவ்வளவு எழுத வேண்டும்?

கேள்வி (ஒரகடம்_மென்பொருள்):

எக்ஸ்கவேட்டர், பேக்ஹோ, ரோலர் ஆகியவற்றை மணி வாடகைக்கு விடும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வண்டிகள் பல கம்பெனிகளுடையவை. ஆனாலும் எல்லாமே ஐஎஸ்ஓ 15143-3 (கட்டுமான இயந்திரங்களின் தகவலைப் பகிர்வதற்கான பொதுத் தரநிலை) வடிவத்தில் தகவல் தருவதால் எடுப்பதில் சிரமமில்லை. ஏஐ ஏஜென்ட்டுக்கு எம்சிபி (ஏஐ மாடலை வெளி நிரல்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக அது அழைத்துப் பயன்படுத்தும் மூன்று டூல்கள் கொடுத்திருக்கிறேன்: எல்லா வண்டிகளின் தற்போதைய நிலை, ஒரு வண்டியின் பழைய பதிவுகள், பழுதுக் குறியீடுகள். மாடல் படித்துப் புரிந்துகொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில்தான் விளக்கம் இருக்கிறது. உதாரணமாக, "இயந்திரப் பதிவுகளைத் தரும்".

சென்ற வாரம் சூப்பர்வைசர், "இன்று எந்த வண்டி சும்மா நின்றது?" என்று கேட்டார். ஒரு 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை என்றது ஏஜென்ட். அந்த வண்டியோ சிக்னல் எட்டாத அடித்தளக் குழிக்குள் நாள் முழுக்க மண் அள்ளிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் எழுதும் லாக் ஷீட்டில் எட்டு மணி நேரம். ஆபரேட்டர் திட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது.

விளக்கத்தை விரித்து எழுதத் தயார். ஆனால் எதை எழுதுவது? நீளம் கூடினால் மாடல் குழம்பாதா?

மறுமொழி 1 (பழைய_மெக்கானிக்):

பட்டறையில் ஸ்பேனர் பிடித்துவிட்டு டெலிமேட்டிக்ஸ் (வண்டியின் தகவலைத் தொலைவிலிருந்து பெறும் தொழில்நுட்பம்) பக்கம் வந்தவன் நான். உங்கள் ஒரு வரி விளக்கம், புதிதாகச் சேர்ந்த ஹெல்ப்பரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து "பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது. பதிவுகளைத் தரும் என்பது டூலின் பெயரிலேயே தெரிகிறதே, அதைத் திருப்பிச் சொல்லி என்ன பயன்? பதிவு வராவிட்டால் அதற்கு என்ன பொருள் என்று எழுதுங்கள்.

இந்தத் தரநிலையில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனித்தனி நேரக்குறி உண்டு. ஹவர் மீட்டர் (என்ஜின் ஓடிய மணிக்கணக்கு) காலை 7 மணிக்கு உரியதாக இருக்கலாம், இருப்பிடம் மதியம் 2 மணிக்கு உரியதாக இருக்கலாம். இரண்டும் ஒரே பதிலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். 'தற்போதைய நிலை' என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது உண்மையில் 'கடைசியாகத் தெரிந்த நிலை'. முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள்.

நானாக இருந்தால் பழைய பதிவுகள் டூலுக்கு இப்படி எழுதுவேன்:

"ஒரு வண்டியின் ஹவர் மீட்டர் அளவுகளை நேரக்குறியோடு தரும். அளவு, வண்டி புதிதாக இருந்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்த மணி. ஒரு நாளுக்கான மணி வேண்டுமானால் இரண்டு அளவுகளைக் கழிக்க வேண்டும். என்ஜின் ஓடியபடி சும்மா நின்ற நேரமும் இதில் அடங்கும். அது தனியாக வேண்டுமானால் ஐடில் மணியைப் பார்க்கவும். நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்). பதிவு இல்லாவிட்டால் வண்டி ஓடவில்லை என்று பொருள் அல்ல. தகவல் வந்து சேரவில்லை என்று மட்டுமே சொல்லவும், கடைசிப் பதிவின் நேரத்தையும் சொல்லவும்."

இதை நீளம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். யுடிசி விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். யுடிசி நாள் நமக்குக் காலை 5:30க்குத்தான் பிறக்கிறது. வெயிலுக்குப் பயந்து விடியற்காலை 5 மணிக்கே வேலை தொடங்கும் வண்டியின் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மணி வாடகைத் தொழிலில் அரை மணி நேரம் என்பது பணம்.

மறுமொழி 2 (கேன்_பஸ்):

பழுதுக் குறியீட்டு டூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜே1939 (கனரக வண்டிகளின் மின்னணுப் பாகங்கள் தகவல் பரிமாறும் தரநிலை) முறையில் எஸ்பிஎன் (எந்த அளவீடு அல்லது பாகம்), எஃப்எம்ஐ (எந்த வகைப் பழுது) என்று இரண்டு எண்கள் ஜோடியாக வரும். எஸ்பிஎன் 100 என்ஜின் ஆயில் பிரஷர். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் அபாய அளவுக்கு இறங்கிவிட்டது, வண்டியை உடனே நிறுத்த வேண்டும். அதே 100 எஃப்எம்ஐ 4 உடன் வந்தால் சென்சாரின் மின்னழுத்தம் குறைவு; ஆயில் நன்றாகவே இருக்கலாம், ஒயரைப் பார்க்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஆயில் பிரஷர் கோளாறு" என்று ஏஜென்ட் சொல்லிவிடுகிறது. ஜோடியாகத்தான் படிக்க வேண்டும் என்று விளக்கத்தில் எழுதுங்கள்.

520192 முதல் 524287 வரையுள்ள எஸ்பிஎன்களுக்கு அந்தந்தக் கம்பெனிதான் பொருள் வைக்கிறது. அங்கே மாடல் கூச்சமே இல்லாமல் கதை கட்டும். "இந்த வரம்பில் வரும் எண்ணுக்கு விளக்கம் சொல்லாதே, எண்ணை அப்படியே கொடு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி 3 (குறைவாகப்_பேசுபவன்):

பழைய_மெக்கானிக் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. கழித்தல் கணக்கை மாடலிடம் ஏன் விட வேண்டும்? டூலே இந்திய நேரப்படி நாள்வாரியாகக் கழித்து, "ஓடிய மணி, ஐடில் மணி, கடைசிப் பதிவு நேரம்" என்று மூன்றையும் கொடுக்கட்டும். விளக்கத்தில் நான்கு வாக்கியங்கள் மிச்சமாகும். தகவல் வராத நாளுக்குப் பூஜ்யம் போடாமல் "தெரியாது" என்று டூலே திருப்பி அனுப்பட்டும். பதிலுக்குள்ளேயே இருக்கும் எச்சரிக்கையை மாடல் தவறவிடுவது குறைவு.

இன்னொன்று: பதில் பக்கம் பக்கமாகத்தான் வரும். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு "எல்லா வண்டிகளும்" என்று ஏஜென்ட் பேசும். இன்னும் பக்கங்கள் இருக்கின்றன என்பதைப் பதிலின் தொடக்கத்திலேயே போடுங்கள்.

ஒரகடம்_மென்பொருள்:

இரண்டையும் கலந்து செய்துவிட்டேன். கணக்கை டூல் போடுகிறது. பதிவு இல்லாததன் பொருள் விளக்கத்திலும் இருக்கிறது, பதிலிலும் இருக்கிறது. அதே கேள்விக்கு இப்போது, "இந்த வண்டியிலிருந்து காலை 9:40க்குப் பிறகு தகவல் இல்லை, ஓடியதா என்று சொல்ல முடியாது" என்கிறது. சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவில்லை. இப்போது லாக் ஷீட்டைப் படமெடுத்து அதையும் ஏஜென்ட்டிடம் கொடுக்கச் சொல்கிறார்.

பழைய_மெக்கானிக்:

கொடுங்கள், ஆனால் தனி டூலாக. "ஆபரேட்டர் கையால் எழுதியது, வாடிக்கையாளர் கையெழுத்து உண்டா இல்லையா என்ற விவரத்தோடு" என்று அதன் விளக்கத்தில் இருக்கட்டும். மீட்டரும் ஷீட்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு எண்களையும் காட்டச் சொல்லுங்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை சூப்பர்வைசருடையது, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.