பிளக்கே இல்லாத லேண்ட்லைனுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

காசிமேட்டுப் பேரன்:
2016 வர்தா புயலன்று எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, செல்போனில் டவரும் இல்லை. ஆயா வீட்டு லேண்ட்லைனில் மட்டும் டயல் டோன் கேட்டது. அதற்கு பிளக்கே கிடையாது. அப்புறம், அந்த ரெண்டு மெல்லிய கம்பியில் குரல் எப்படிப் போகிறது?

ரிட்டயர்ட் ஜாயின்டர், பழைய வண்ணாரப்பேட்டை:
தம்பி, வடசென்னைப் பள்ளங்களில் இறங்கி முப்பது வருஷம் கேபிள் ஒட்டியவன் நான். கரண்டும் அதே ரெண்டு கம்பியில்தான் வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், அதாவது எல்லா வீட்டு லைனும் போய்ச் சேரும் நிலையத்தில், வரிசையாக பேட்டரி நிற்கும், அங்கிருந்து 48 வோல்ட் டிசி. தெருவில் கரண்ட் போனால் அதற்கென்ன? பெல் அடிக்கும்போது மட்டும் 75 வோல்ட் ஏசி. மழையில் கம்பியைப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்கு யாராவது போன் போடுவார்கள். முழங்கை வரை உதறும்.

குரல் கம்பியில் போவதே இல்லை. பழைய கறுப்பு போனில் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால் ஒரு சின்ன டப்பி, உள்ளே கரித்துகள். பேசினால் முன்தகடு அதிரும். துகள் நெருங்கினால் கரண்ட் கூடும், தளர்ந்தால் குறையும். எதிர்முனையில் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இன்னொரு தகட்டை அசைக்கும். ஆயா கேட்டது அந்தத் தகட்டின் குரலை!

கடலோர ஈரத்தில் துகள் கட்டிதட்டிப்போகும், குரல் கரகரக்கும். ரிசீவரை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டுவேன், சரியாகிவிடும். "இதுக்கா உன்னை நாலு நாளாத் தேடினோம்?" என்பார்கள்.

தண்டையார்பேட்டை எலக்ட்ரானிக்ஸ்:
எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலான பிறகு, குரல் அங்கே விநாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு எண்களாகப் போகிறது. போனில் ஏறுவது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) வரையுள்ள ஒலிதான். அதற்கு மேலே உள்ளது வெட்டுப்படும்.

காசிமேட்டுப் பேரன்:
ஓ, அதனால்தான் ஆயா போனில் என்னையும் தம்பியையும் மாற்றி மாற்றித் திட்டும்!

ரிட்டயர்ட் ஜாயின்டர், பழைய வண்ணாரப்பேட்டை:
அது ஆயாவின் காது, போனைச் சொல்லாதே. பாரிமுனைப் பக்கம் போனால் எர்ரபாலு செட்டித் தெருவைப் பார். 1882-ல் மெட்ராஸின் முதல் எக்ஸ்சேஞ்ச் அங்கேதான். இப்போது ஆயா வீட்டில் ஃபைபர் போட்டாயா? கண்ணாடி இழையில் கரண்ட் வராது, வீட்டுப் பெட்டிக்குப் பிளக் வேண்டும். மழைக்கு முன்னால் சின்னதாக ஒரு யுபிஎஸ் வாங்கிக் கொடு.